வெள்ளை மட்டும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள். என் கதைக்கு வேண்டிய மரியாதை காலில் இல்லை, காதில்தான் இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு முட்டைக் கதை. சிரிக்காதீர்கள்! பரீட்சையில் வாங்குகிற முட்டை இல்லை, அவித்துத் தட்டில் வைக்கிற முட்டை. ஒரு பெண்ணின் உயிர் அந்தத் தட்டு ஓரத்தில் வந்து நின்ற கதை.

ஒரு பூட்டுக்காரர் இருந்தார். தெருமுனையில் அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. கூரையிலிருந்து வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காற்று வந்தால் கடையே கலகலவென்று பேசும். எந்தப் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "திறக்காத பூட்டு கெடையாது, பொறுக்காத கைதான் உண்டு" என்பார். சொன்னது போலவே திறந்தும் விடுவார். அவரிடம் இருந்த ஒரே வீம்பு, எதையும் ஒரே தடவைதான் கேட்பார். "ரெண்டாம் தடவை கேக்கிறவன் சாவியைக் கோணலா வெட்டுவான்" என்று அதற்கு ஒரு சித்தாந்தம் வேறு.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி அவளுடைய மிஷின். ஆள் வாசலில் வந்து நின்றாலே போதும், மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். டேப்பை எடுப்பது வந்தவர் மனம் கோணாமல் இருப்பதற்காகத்தான்.

அந்தக் கெட்டிக்காரிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அது ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். "நான் மிஷினை ஓட்டினது போக, மிஷின் என்னை ஓட்டுது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஊசி குத்துகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தன. இப்படியே ரொம்ப நாள் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா கண்ணை மூடியபோது இவளே பாவாடை நுனியை மிதித்துத் தடுக்கி விழுகிற வயசு. அந்த வயசில் தம்பியை இடுப்பில் தூக்கினவள் இறக்கவே இல்லை. அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். ஊரே அவனை 'லாரி' என்றுதான் கூப்பிடும். ஓட்டுகிற வண்டியும் அது, உடம்பின் வாகும் அதுதான். விஷயம் கேள்விப்பட்ட அன்றே வந்து நின்றான். "எனக்கு ரெண்டு இருக்கில்லக்கா. ஸ்டெப்னி எதுக்கு வெச்சிருக்கோம்? எடுத்து மாட்டிக்க" என்றான்.

எல்லாச் சோதனையும் பொருந்தி வந்தது. ஆனால் டாக்டர் ஆளுக்கொரு நிபந்தனை போட்டார். லாரி தொப்பையைக் குறைக்க வேண்டும், குறைத்தால்தான் அவனுக்கு ஆபத்தில்லாமல் எடுக்க முடியும். அக்காளுக்கோ ரத்தத்தில் புரதம் ஏற வேண்டும். "ரொம்பக் கீழ கெடக்கும்மா. இந்த நெலமைல கத்தி வெச்சா புண்ணு ஆறாது, கிருமி பூந்துடும். அது ஏறினாத்தான் ஆபரேஷன் தேதி குடுப்பேன்" என்றார்.

ஆக, கதையின் முடிச்சு இதுதான் கண்ணுகளே. புரதம் ஏறினால் அவள் பிழைப்பாள்.

புரதத்தை ஏற்ற என்ன தின்பது என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். 'டயட் மேடம்' என்பார்கள். ரத்தம் கழுவுகிற கூடத்தில், ஒரு மிஷின் கூவ, இன்னொன்று பதில் கூவ, நர்ஸ் யாரையோ அதட்ட, அந்தச் சந்தடிக்கு நடுவே அவள் பூட்டுக்காரரிடம் சொன்னாள்: "சார், தெனம் முட்டை குடுங்க. ஆனா வெள்ளை மட்டும்தான். இன்னொண்ணு வேணாம், இவங்களுக்கு ஆகாது. மறந்துடாதீங்க, வெள்ளை மட்டும்."

பூட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். கேட்டது போதும் என்று தலையாட்டினார். சறுக்கினது இங்கேதான். அவருடைய ஊர்க் கடைகளில் இரண்டு வகை முட்டை விற்கும், வெள்ளை ஓடு ஒன்று, பழுப்பு ஓடு ஒன்று. வெள்ளை மட்டும் என்றால் வெள்ளை முட்டை, அதில் இரண்டாவது கேள்விக்கு என்ன வேலை?

மறுநாளே முட்டைக்கடைக்காரி எதிரில் போய் நின்றார்.

"வெள்ளை மட்டும் எடும்மா."

"அண்ணே, இன்னிக்கு வந்ததுல பாதிக்கு மேல பழுப்புதான். பழுப்பு எடுத்துட்டுப் போங்க, சனங்க தேடி வந்து வாங்குது."

"எனக்கு வெள்ளைதான்."

"உள்ள எல்லாம் ஒண்ணுதாண்ணே! பொண்ணு பாக்கிற மாதிரி முட்டைக்கும் கலர் பாக்கிற மொத ஆளு நீங்கதான்."

"ஆஸ்பத்திரி உத்தரவும்மா. ஒரு பழுப்புகூட கலக்கப்படாது."

அவள் அட்டை அட்டையாகக் கிளறிப் பொறுக்கிக் கொடுத்தாள். வெள்ளை கிடைக்காத நாளில் மனிதர் ஆற்றுப் பாலம் தாண்டி அடுத்த சந்தைக்கு நடந்தார். அதுவரை அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாதவர், விடிந்தால் முட்டை அவித்து, ஓடு உரித்து, இரண்டாகப் பிளந்து, தட்டில் வைத்து மிஷின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"சாப்புடு. முழுசா."

"வைங்க, இந்த ஓரத்தை அடிச்சிட்டுச் சாப்புடறேன்."

அவர் கடைக்குப் போவார். மதியம் வந்தால் தட்டு சுத்தமாக இருக்கும். பூட்டுக்காரருக்கு அந்தச் சுத்தமான தட்டைப் பார்ப்பதே பாதி ஆபரேஷன் முடிந்த மாதிரி.

லாரி இதற்கிடையில் தினம் காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தான். நடந்து வருகிற வழியில் அக்கா வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்குவான். "மாமா, ஒரு முட்டை நமக்குத் தள்ளக் கூடாதா?" என்பான். "உனக்கு நடைதான் மாப்ள, முட்டை உங்கக்காளுக்கு" என்று இவர் விரட்டுவார். ஜன்னலுக்குக் கீழே அரைக்காது அறுந்த தெருப்பூனை ஒன்று அவர்கள் பேச்சைக் கேட்டபடி மீசையை நக்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. துணி வெட்டிக்கொண்டே முழங்கையைச் சொறிவாள், ஊசி கோக்கும்போதே கழுத்தைச் சொறிவாள். வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். புரதம் ஒரு நூல்கூட ஏறவில்லை. ஏறக் கூடாத பாஸ்பரஸ் என்ற உப்பு மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டயட் மேடம் நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், முட்டை குடுக்கறீங்களா இல்லையா?"

"தெனம் தவறாம குடுக்கிறேம்மா. ஒரு நாள்கூட நிக்கல."

"வெள்ளை மட்டும்தானே?"

"வெள்ளையேதான்! பழுப்பு முட்டை வீட்டு வாசப்படி ஏறினதில்ல. பாலம் தாண்டிப் போயி வாங்கிட்டு வரேன்."

அந்தப் பெண்ணுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிறகு, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த அவித்த முட்டையை எடுத்து அவர் முன்னாலேயே பிளந்தாள். "சார், நான் சொன்னது ஓட்டை இல்ல. இது. இந்த வெள்ளைக்கரு. ஓடு எந்த நெறமா இருந்தாலும் சத்து ஒண்ணுதான்."

பூட்டுக்காரருக்குக் காது மடல் சூடாகியது. தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் இரண்டாவது கேள்வி கேட்டார்: "அப்ப அந்த மஞ்சள்?"

"நமக்கெல்லாம் மஞ்சள்தான் சார் சத்துப் பெட்டி. கண்ணுக்கு, மூளைக்கு, நரம்புக்கு, எல்லாம் அதுலதான் இருக்கு. ஆனா அதுல பாஸ்பரஸும் இருக்கு. நம்ம கிட்னி அதை வெளிய தள்ளிடும். இவங்க கிட்னி தள்ளாது, அதான் இந்த அரிப்பு, எலும்பும் பொத்துப் போகும். வெள்ளைல அந்த வம்பு கம்மி. சதை கட்ட, புண்ணு ஆற, கிருமிய எதிர்க்க என்ன வேணுமோ அந்தப் புரதம் நெறைய. மிஷின்ல கழுவும்போது கொஞ்சம் புரதமும் போயிடும், அதையும் ஈடுகட்டணும்." அதோடு நிற்காமல் இன்னொன்றும் கேட்டாள். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. முழு முட்டை சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சமாவது புரதம் ஏறியிருக்கணுமே?"

லாரி அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "ஓட்டைப் பாத்து முட்டை வாங்கின ஒரே கூமுட்டை எங்க மாமாதான்!" பூட்டுக்காரரும் வெட்கத்தோடு சிரித்தார். படுக்கையில் கிடந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். சாவி நாக்கில் இடிக்காமல் வெறுமனே சுழலுகிற பூட்டுக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். அன்று மனசுக்கும் அப்படித்தான் தட்டியது.

அடுத்த நாள் காலை மஞ்சளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தட்டில் வைத்தார்.

"வைங்க, இந்தக் காலரை முடிச்சிட்டு..."

"சரி" என்று கிளம்பினார். தெருத் திரும்பியதும்தான் சாவி தேய்க்கிற அரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினார். ஜன்னலுக்குக் கீழே அந்த அரைக்காதுப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது. வெள்ளைத் துண்டு ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று. பூனை ருசித்துச் சாப்பிட்டது. அப்போதுதான் அவர் அந்தப் பூனையைச் சரியாகப் பார்த்தார். எலும்பும் தோலுமாகத் திரிந்த ஜீவன், முதுகெல்லாம் ரோமம் மினுமினுக்க, தோள் திரண்டு, சின்னப் புலி மாதிரி நின்றது! முட்டையின் மகிமைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உள்ளே போனார். அவள் கை இன்னும் ஜன்னலில் இருந்தது.

"எத்தனை நாளா?"

அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது உனக்கு அன்னிக்கே புரிஞ்சிடுச்சில்ல? நான் வெள்ளை ஓடுன்னு அலையறது தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. மஞ்சளைத் தின்னுட்டு, வெள்ளையைப் பூனைக்குப் போட்டிருக்க."

"ஆமா" என்றாள். "ஏறக் கூடாதுன்னுதான் போட்டேன். ஏறினா தேதி குடுப்பாங்க. தேதி குடுத்தா அவனை மேசைல படுக்க வெச்சுக் கிழிப்பாங்க. நான் சோறூட்டி வளத்த வயிறுங்க அது. முட்டையிடற கோழிக்குத்தான் வலி தெரியும். உங்களுக்குப் புரியாது."

"கோழியோட வலி உனக்குத் தெரியும், குஞ்சோட வலி தெரியுமா? நீ அவனைக் கேட்டியா?"

"கேட்டா சரின்னுதான் சொல்லுவான், முட்டாப்பய."

பூட்டுக்காரர் சத்தம் போடவில்லை. பூட்டை உடைப்பவனுக்குத்தான் சுத்தியல் வேண்டும்; திறக்கிறவனுக்குச் சரியான சாவி போதும். சாவி அந்த நேரத்துக்குத் தெருக்கோடியில் வேர்த்து ஊற்றி நடந்துவந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கையைத் தட்டி, "மாப்ள! உள்ள வா!" என்று கூப்பிட்டார்.

லாரி வந்தான், கேட்டான். முதலில் ஜன்னலை எட்டிப் பூனையைப் பார்த்தான். "ஏன்க்கா, கிட்னி இந்தப் பூனைக்குத்தான்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் இவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டேனே?"

"வெளையாடாத. போயி உன் பொழப்பைப் பாரு. எனக்கு வேணாம்."

அவன் பேசாமல் முதுகுப்பையிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்து மிஷின் மேல் போட்டான். "பொழப்பைப் பாக்கத்தான் வந்தேன். இந்த இடுப்பைப் புடிச்சுக் குடு. நிக்க மாட்டேங்குது, கயிறு கட்டிக்கிட்டு வண்டி ஓட்டறேன்."

அவள் கண்ணாலேயே அளக்கிறவள். ஆனால் அன்று கண்ணை நம்பவில்லை, டேப்பை எடுத்தாள். அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். பிறகு தான் தைத்த அந்தப் பழைய கால்சட்டையின் இடுப்புப் பட்டி மேல் டேப்பை வைத்தாள். அவள் விரல் நின்ற இடத்துக்கும் பட்டியின் நுனிக்கும் நடுவே ஒரு சாண் கிடந்தது. இரண்டாம் முறையும் அளந்தாள். ஒரு சாண்தான்.

"சாப்புடறதே இல்லியாடா நீ?"

"சாப்புடறேன். எண்ணெய் இல்ல, இனிப்பு இல்ல, சிகரெட்டு இல்ல. பொரிச்ச வாசம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடறேன். பயமா இருக்குக்கா, பொய் சொல்ல மாட்டேன். கத்தின்னா யாருக்குத்தான் பயமில்ல? பயந்துகிட்டேதான் நடக்கிறேன். நடக்கிறதை நிறுத்தலியே."

அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா போனப்ப நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், எனக்கு வேணாம்னு. உனக்கு ஞாபகம் இருக்கா? நீ என்னைக் கேட்டா ஊட்டின? மூக்கைப் புடிச்சு ஊட்டின. இப்ப என் மொறை. நீ வாயை மூடினா நான் மூக்கைப் புடிப்பேன். நீயில்லாம ரெண்டு கிட்னி வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஊறுகா போடவா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை விழுங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிர்வைப் பார்த்தே பூட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது, பூட்டின் நாக்கு விலகியது என்று.

"எங்க அந்தத் தட்டு? மிச்சம் இருந்ததைக் கொண்டாங்க."

இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. ஆறிப்போய் ரப்பராகக் கிடந்ததை அவள் மென்றாள். மென்று, மென்று, தண்ணீர் ஒரு மிடறு வைத்து விழுங்கினாள். "செருப்பைத் தின்னுற மாதிரி இருக்கு" என்றாள். "நாளைக்கு இன்னும் ரெண்டு வைங்க."

அன்றிலிருந்து விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டி என்று இருந்த வீட்டில் இரண்டு பேருமே விடாக்கண்டர்கள். செருப்பு ருசியை மாற்ற பூட்டுக்காரர் படாத பாடு பட்டார். வெள்ளையை முள்கரண்டியால் நுரை பொங்க அடித்து, வெங்காயம் அரிந்து போட்டு, மிளகு தூவி, கல்லில் மெல்லிசாகப் பரத்தினார். உப்பு கூடாது என்பதால் மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை. சுருட்டி நாடா நாடாவாக வெட்டி வைத்தார். அவள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். "ஓரம் நேரா வெட்டலியே, தையக்காரி புருஷன்னு வெளிய சொல்லிக்காதீங்க" என்பாள். சொல்லிவிட்டு வாயில் போடுவாள்.

மீந்த மஞ்சள் வீணாகவில்லை. எதிர்வீட்டில் ஒரு மருமகள் மாசமாக இருந்தாள். நன்றாக வேகவைத்து அவளுக்குக் கொடுத்தனுப்பினார் பூட்டுக்காரர். "கரு வளரக் கரு" என்று அந்தப் பெண்ணின் மாமியார் வாங்கி வைத்துக்கொண்டாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி போகவில்லை கண்ணுகளே. ரத்தம் கழுவி வந்த நாட்களில் அவளுக்கு முட்டை வாசம் தட்டினாலே குமட்டும். ஒரு நாள் தின்றது அப்படியே வெளியே வந்துவிட்டது. பூட்டுக்காரர் தட்டை எடுக்கப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம், விடு."

"நாளைக்கு நாளைக்குப் பங்கு இருக்கு. இன்னிக்குப் பங்கை யாரு தின்னுவா?"

ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள். ஒரு துண்டு, பிறகு அரைத் துண்டு, பிறகு மிச்ச அரை. மல்லுக்கு நிற்கிறவள் மாதிரி அந்தத் தட்டோடு மல்லுக்கு நின்றாள். வெளியே அரைக்காது கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போனது.

அடுத்த சோதனையில் புரதம் கொஞ்சம் அசைந்திருந்தது. அதற்கடுத்ததில் நன்றாக ஏறியிருந்தது. அரிப்பும் அடங்கி, கன்னத்தில் ஒட்டிக்கிடந்த தோல் சற்றே நிரவியிருந்தது. டயட் மேடம் கூடத்துக்கு ஓடியே வந்துவிட்டாள். "முட்டை மட்டும் இதைப் பண்ணலம்மா, மருந்தும் இருக்கு, மத்த சாப்பாடும் இருக்கு. ஆனா தெனம் விடாம தின்னீங்களே, அதுதான் ஏத்திச்சு" என்றாள். டாக்டர் வந்து பார்த்தார், அக்காளையும் பார்த்தார், ஒடுங்கின தம்பியையும் பார்த்தார், தேதியைச் சொன்னார்.

அந்த நாளும் வந்தது. சக்கரப் படுக்கைகள் இரண்டும் ஆபரேஷன் அறைக்கு வெளியே நடையில் அருகருகே நின்றன. லாரியின் முகம் வெளுத்திருந்தது. வாயில் ஜோக் ஒன்றும் வரவில்லை. அவள் கையை நீட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமாடா?"

"கொஞ்சம்."

"எனக்கும்தான். ஆனா இந்தத் தடவை என் வாயில இருந்து வேணாம்னு வராது. நீ குடுக்கிற, நான் வாங்கிக்கிறேன். நல்லா வாங்கிக்கிறேன். போயிட்டு வா."

முதலில் அவன் படுக்கை உருண்டது. பின்னாலேயே அவளுடையது. கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவில் சாவித் துவாரம் கிடையாது. பூட்டுக்காரர் அதன் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். யார் சொல்லியும் உட்காரவில்லை.

இங்கேயே நிறுத்தினால் நீங்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், எனக்குத் தெரியும். மாலை வெயில் நடையில் சாய்ந்தபோது டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "தம்பி முழிச்சிட்டாரு. அக்காளுக்கு வெச்சது உடனே வேலை ஆரம்பிச்சிடுச்சு. சிறுநீர் பையில எறங்குது" என்றார். பூட்டுக்காரருக்குக் காதில் விழுந்தது. ஆனாலும், "டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான் மனிதர் உட்கார்ந்தார்.

நீங்களும் நன்றாக இருங்கள் என் கண்ணுகளே. உங்கள் வீட்டில் ஆக்கினது யாருக்கும் ஒவ்வாமல் போகாதிருக்கட்டும். உங்களுக்காக வேர்க்கிறவர்களை நீங்கள் தடுக்காமலும், நீங்கள் வேர்க்கும்போது அவர்கள் தடுக்காமலும் இருக்கட்டும். கொடுக்கிற கை தளராமல், வாங்கிக்கொள்கிற கை கூசாமல், உங்கள் குடி தழைத்து, பசித்த நேரத்துக்குப் பசியும், அந்தப் பசிக்கு ஒரு தட்டும், அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார ஒரு ஆளும் எந்நாளும் வாய்க்கட்டும்.